நாள் கணக்கு இல்லாத சீட்டு

அலெக்சாந்திரியா,
ஜனவரி 19, திங்கள் மாலை.

அன்புத் தம்பி ராகிபுக்கு,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் நல்ல சுகத்தை வேண்டுகிறேன்.

என் இரைப்பையில் இருப்பது புற்றுநோய்க் கட்டி. நேற்று மாலை ஐந்தே காலுக்கு டாக்டர் லுத்ஃபி தன் வாயால் என்னிடம் சொன்னார். தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். உனக்கு இது அக்டோபர் பதினான்காம் தேதியே தெரியும் என்பதையும் அவரே சொன்னார்.

ஃபோனில் பேசினால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மாடி வீட்டு ஸைனப் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மூன்று நாள் புயல் மழை. கடலோரச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். உன் பழைய அறையின் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது, அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். ஃபோனில் சிக்னலும் இல்லாமல் போயிருந்தது. எப்போதும் மருந்தை ஃபோனில் சொல்லித்தானே வரவழைப்பேன். சனிக்கிழமை வேறு வழியில்லாமல் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே மருந்துக்கடைக்கு நடந்தேன். பழைய சீட்டுகள் இரண்டும் அதே உறைக்குள் இருந்தன.

கடையில் மருந்தாளர் டாக்டர் ஷாஹிந்தா தனியாக இருந்தாள். "வாங்க மேடம் தவ்லத், இந்த மழையில உங்களை வெளிய இழுத்த செய்தி என்ன?" என்று சிரித்தாள். மூன்று சீட்டையும் கண்ணாடி மேஜைமேல் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தரச் சொன்னேன். "உங்க தம்பியும் எங்களை மாதிரி மருந்து படிச்ச ஆளுதானே, அவர் படிச்சுச் சொல்லலியா?" என்றாள். சொன்னான், நீயும் சொல் என்றேன். ஒரு செய்தியை இரண்டு வாயால் கேட்பது என் பழைய பத்திரிகைப் பழக்கம்.

செப்டம்பர் சீட்டில் மூன்று மருந்துகள். டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன். ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகையில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பத்து நாள், பதினான்கு நாள் என்று கணக்கு. நவம்பரில் இரண்டு மருந்துகள். ஜனவரியில் ஒன்றே ஒன்று, அதன் பக்கத்தில் பி.ஆர்.என். தேவைப்படும்போது என்று அர்த்தமாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நாள் போடல மேடம்." வயிற்றுப் புண் என்றுதானே நீ எனக்குச் சொல்லியிருந்தாய்; அந்தப் புண்ணுக்கு இதுதான் மருந்தா என்று அவளிடம் கேட்டேன். அவள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளையே மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். "வலிக்குத்தான் இது. மத்ததை டாக்டர்கிட்டயே கேளுங்க. எங்கிட்ட வேண்டாம்."

குணமாக்கும் மருந்துகளெல்லாம் நின்று, வலிக்கு மட்டும் ஒன்று மிச்சமிருப்பதை அந்த மேஜை ஓரத்தில் நின்றே புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து, சீட்டுகளின் படத்தைப் பார்த்து விளக்கி நீ அனுப்பிய குரல் செய்திகள் பதினொன்றையும் ஃபோனில் மறுபடி கேட்டேன். ஷாஹிந்தாவிடம் எழுதிக்கொண்ட குறிப்புடன் ஒப்பிட்டேன். ஒரு எழுத்தில்கூட நீ பிழை சொல்லவில்லை, ராகிப். மூன்று வேளை என்றால் மூன்று வேளைதான். ஜனவரி சீட்டுக்கு நீ சொன்னது இது: "பி.ஆர்.என்.னா வேணும்போது போட்டுக்கோன்னு அர்த்தம் அக்கா. டாக்டரே உன்னை நம்பி விட்டுட்டார்னா பாரேன், நீ தேறிட்டே." நான் முலூகியாக் கீரை ஆய்ந்தபடி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். விவரம் எல்லாம் சரி, செய்தி மட்டும் பொய். என் பத்திரிகையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன்.

டாக்டரிடம் நேற்று போனேன். "குடும்பத்துக்குச் சொல்லியாச்சே மேடம்" என்றார். குடும்பம் என்றால் யார் என்றேன். "உங்க தம்பி. மருந்து படிச்சவர், விஷயம் தெரிஞ்சவர். எல்லா வீட்டுலயும் இப்படித்தான் செய்யறோம்." என் வயிறு எந்தக் குடும்பத்துடையது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஒருதரம்கூடக் கேக்கலியே மேடம்" என்றார். உண்மைதான். முப்பத்தொரு வருஷம் ஊரையே கேள்வி கேட்ட எனக்கு நீ படித்துச் சொன்னதே போதுமாக இருந்தது.

இனி எழுதப்போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்டோபரில் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்துக்குள் செய்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றிருக்கிறார். வேண்டாம் என்றது நீ. அம்மாவிடம் உண்மையைச் சொன்ன பிறகு அவள் ஒன்பது நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே போய்விட்டாள், அக்காவும் அப்படித்தான் போவாள் என்று அவரிடம் அழுதாயாம். அந்த ஒன்பது நாளும் அறையில் இருந்தவன் நீ. நான் அஸ்வானில் இருந்தேன். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் அம்மா இல்லை, ராகிப். அந்தப் பாதி வாய்ப்பு என்னுடையது. அதை எடுப்பதோ விடுவதோ நான் செய்திருக்க வேண்டியது.

உன் மகள் நாதினிடம் எதையும் சொல்லாதே என்று எழுத வந்தேன். எழுதியவுடன் அடித்துவிட்டேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. கேட்டால் சொல்.

இன்று காலை மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதும் அறுக்க முடியுமா என்பதை மூன்று அறுவை மருத்துவர்கள் கூடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதில் முதலில் எனக்குத்தான் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

நீ டாக்டருக்கு ஃபோன் செய்யாதே. வருவதானால் நேரே வீட்டுக்கு வா. சாவி உன்னிடம் இருக்கிறது. வந்து என் எதிரே உட்கார்ந்து, அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டியதை ஒருதரம் உன் வாயால் சொல். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நீ சொல்ல வேண்டும்.

மருத்துவர்கள் கூடுவது 27ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு. மதியத் தொழுகைக்குள் பதில் தெரியும் என்கிறார்கள். முந்தின நாள், 26ஆம் தேதி திங்கள் இரவு முதல், அந்தப் பதில் வரும்வரை கதவை உள்தாழ் போடாமல் வைத்திருப்பேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
தவ்லத்