இன்ஜினுக்குப் போர்த்திய படம்

திருவொற்றியூர் குப்பம்
17.8.2003

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு, நைனா தேசப்பன் சொல்ல, தங்கை பவானி எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும். மணலி ஆலைப் புகைக்கு அம்மாவின் இருமல் மட்டும் விடவில்லை. கம்ப்யூட்டரில் ஓவியம் செய்வதில் நம் பக்கத்துப் பெண்களில் நீதான் முதல் ஆள் என்று பேப்பரில் வந்ததாம், ஐஸ் கம்பெனி ஸ்டானிஸ்லாஸ் சொன்னார், அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். டெல்லிக் கண்காட்சியில் உன் புதுப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்ட, ஏலத்தில் மீன்காரிகள் நிற்கிற உன் பழைய பெரிய படத்தை லாரியில் அனுப்பச் சொல்லியிருந்தாய். எப்படிச் சொல்வதென்று நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். அது படகில் இன்ஜினுக்குப் போர்வையாகக் கிடக்கிறது, கண்ணு. இனி கையால் வரைவதில்லை, கணக்கைச் சொன்னால் மெஷினே கோடு போடுகிறது என்று சித்திரையில் நீ எழுதியதும் பழையது உனக்கு வேண்டாமென்று நினைத்தேன். எண்ணெய்ப் பெயிண்ட் ஏறிய துணியில் தண்ணீர் இறங்காதே என்று மரச்சட்டத்திலிருந்து பிரித்துவிட்டேன். உப்பும் டீசலும் தின்று முகங்கள் எல்லாம் உரிந்துபோயின, அம்மாவின் முகமும்தான். “அலை வூட்டுக்குள்ள பூந்து கெட்டுப்போச்சுன்னு எழுதேன், இன்னா இப்போ” என்கிறாள் அவள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. படிக்காதவன் செய்த தப்பு, பொறுத்துக்கொள். திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு வர இப்போதே டிக்கெட் போட்டுவிடு. கடலம்மா உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

உன் நைனா தேசப்பன் (கைநாட்டு)

அக்கா, இனி நானாக எழுதுவது. நைனா மேல் தப்பில்லை. சித்திரையில் வந்த உன் கடிதத்தை வழக்கம்போல வாசலில் எல்லோருக்கும் படித்தேன். ராஜாத்தி அத்தை, “இன்னாமே, மெஷினு படம் போட்டா ஒங்கக்கா எதுக்கு, டீ வாங்கியாரவா?” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் மேலே படிக்காமல், அவ்வளவுதான் என்று மடித்துவிட்டேன். பழைய படங்களைப் பார்த்துத்தான் மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பத்திரமாக வையுங்கள் என்று பின்பக்கம் நீ எழுதியிருந்ததை அன்றே தனியாகப் படித்தேன். ஆனாலும் மறு வாரம் நைனா துணியைப் பிரித்தபோது வாய் திறக்கவில்லை. ஏழாவதோடு நின்ற எனக்கு இந்த வீட்டில் கடிதம் படிப்பது ஒன்றுதான் மரியாதை, பாதியில் விட்டேன் என்று தெரிந்தால் அதுவும் போய்விடுமே என்று பயம். அந்தத் துணிக்கு ஓரம் மடித்துக் கயிறு கோத்துத் தைத்துக் கொடுத்ததும் நான்தான். இப்போது அவர் படிக்காதவன் படிக்காதவன் என்று தன்னையே திட்டிக்கொள்கிறார், கேட்க முடியவில்லை. இதை ஒட்டுவதற்கு முன் அவருக்கு முழுதும் படித்துக்காட்டுவேன். கடிதம் உன் கைக்கு வந்திருந்தால், காட்டிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

பவானி