மீன் பிழைக்கும் தண்ணீர்

நவம்பர் 11, திங்கள்

காலை ஷிஃப்ட். ஆலையின் கூலிங் டவரில் பாசி பிடித்திருக்கிறதென்று போன வாரம் மருந்து ஊற்றியிருந்தார்கள். பாசியைக் கொல்கிற மருந்து மீனையும் கொல்லும். அதனால் அந்தத் தண்ணீர் முதலில் நான் பார்த்துக்கொள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்கு வரும். பைசல்பைட் போட்டு விஷத்தை முறித்த பிறகுதான் ஆற்றில் விடுவோம். இன்றும் போட்டேன். மீட்டரில் விஷம் ஜீரோ. மேனேஜர் சண்முகவேல் சார், "வால்வைத் திறந்துடும்மா" என்று போனில் சொன்னார்.

திறக்கவில்லை. லேபில் தஸ்னீம் அந்தத் தண்ணீரில் விட்ட கெண்டைக் குஞ்சுகள் மல்லாந்துவிட்டன.

"மீட்டரு ஜீரோ காட்டுதே தஸ்னீம்?"

"மீனு செத்துக் கெடக்குதேக்கா. நான் எத நம்ப?"

வண்ணாரப்பேட்டைப் பெண். கெமிஸ்டாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எப்படிப் பிடிவாதமாக நிற்கிறாள்!

நவம்பர் 12, செவ்வாய்

மழை வரும் என்கிறார்கள். தொட்டி விளிம்புவரை நிற்கிறது. பெய்தால் தானாகவே வழிந்து ஆற்றுக்குப் போய்விடும்.

சார் லேபுக்கே வந்தார். கெட்டவர் இல்லை. டவரை நிறுத்தி வைத்திருப்பதால் மேலிடத்தில் அவரைப் பிடுங்கி எடுக்கிறார்கள். "மீன் வேற எதுனாலயாவது செத்திருக்கலாம்லம்மா?"

"எதுனாலன்னு கண்டுபுடிக்கிறேன் சார். அதுவரைக்கும் தண்ணி விட கையெழுத்துப் போட மாட்டேன்."

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். வால்வு சாவி என் பையில் இருந்தது. அவர் என்னாண்ட கேட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? வேலை போச்சுன்னா வூட்டுல யாரு சோறு போடுவா? — கேட்கவில்லை. நாளை சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று போய்விட்டார்.

மதியம், எங்கள் தண்ணீர் ஆற்றில் விழும் மதகுப் பக்கம் போனேன். முகத்துவாரக்குப்பத்துப் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலுவையம்மாள், வாயில் கவ்வியிருந்த இறால் போடும் பறியை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாம்மா, தண்ணி வுடப் போறீங்களா? நாங்க ஏறிக்கவா?"

"இன்னிக்கு வுடல" என்றேன். அவள் மறுபடி பறியைக் கவ்விக்கொண்டு குனிந்தாள். ஆற்றுத் தண்ணீர் அவள் உதட்டில் படுகிறது.

நவம்பர் 13, புதன்

தெரிந்துவிட்டது!

தஸ்னீம் தொட்டித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் குலுக்கினாள். சோப்புத் தண்ணீர் போல நுரை எழும்பி அப்படியே நின்றது. வழக்கமாகப் போடும் மருந்து நுரைக்காது. நேராக டவர் ஆட்களிடம் போய்க் கேட்டாள். "பழசு கெடைக்கல, வேற வந்துச்சு. எல்லாம் பாசி மருந்துதானம்மா?" என்றார்கள்.

எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது மருந்தை பைசல்பைட் ஒன்றும் செய்யாது. மீட்டருக்கோ பழைய மருந்தை மட்டும்தான் தெரியும். நாளெல்லாம் ஜீரோ காட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

"இது களிமண்ணக் கண்டா ஒட்டிக்கும்க்கா. மண்ணோட சேந்து அடியில உக்காந்துடும்" என்றாள். சாதாரண மண் ஆகாதாம், பென்டோனைட் என்ற களிமண்தான் வேண்டுமாம். அதற்கு எங்கே போவது? அவள் அண்ணன் ஃபவாஸ் ஹார்பரில் அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் வேலை பார்க்கிறான். தோண்டுகிற குழி சரியாமல் இருக்க அங்கே கரைத்து ஊற்றுவதே இந்த மண்தானாம். ஒரு பை வாங்கிக்கொண்டு பைக்கில் வந்துவிட்டான்.

முதல் பக்கெட்டில் விட்ட மீன்கள் செத்தன. எனக்கு அழுகையே வந்தது. அவள், "கம்மியா போட்டுட்டேன்" என்று பக்கெட்டைக் கழுவினாள். அவ்வளவுதான். இரண்டாவதில் கூடுதலாகப் போட்டு, கலக்கி, தெளியவைத்து, மேல்தண்ணீரில் மீனை விட்டாள்.

சாயங்காலம் சார் வந்தபோது எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எத்தன பை வேணும்னு சொல்லு. வண்டி அனுப்புறேன்."

நவம்பர் 14, வியாழன்

தோள் கழன்றுவிட்டது. டெம்போவில் வந்த மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினோம். டவர் ஆட்களும், கூப்பிடாமலே, வந்து தூக்கினார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. தொட்டியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கச் சொன்னார் சார். அடுக்கினோம். தஸ்னீமின் துப்பட்டா, புருவம் எல்லாம் மண். மணிக்கொரு தரம் பாட்டிலில் பிடித்துக் குலுக்கினாள். நுரை குறைந்துகொண்டே வந்தது.

நவம்பர் 15, வெள்ளி

மீன் நீந்துது. எல்லாமே நீந்துது!

நவம்பர் 16, சனி

தஸ்னீம் கையெழுத்துப் போட்டாள். நான் வால்வைத் திறந்தேன். அடியில் படிந்த மண்ணை டிரம்களில் அடைத்து மூடி, விஷக்கழிவு லாரிக்கு ஒதுக்கியாயிற்று.

பிறகு மழை கொட்டியது. ரெண்டு பேரும் ஷெட்டில் நின்று ஆற்றைப் பார்த்தோம். "பயமா இல்லியாடீ?" என்றேன்.

"ரொம்ப பயந்தேன்க்கா. அப்பால செத்த மீனப் பாத்தேன். அதுக்கப்பறம் எப்டி கையெழுத்து போடுறது, சொல்லு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தஸ்னீம் கல்யாண லீவில் இருக்கிறாள். இன்று கேட்டில் மருந்து லாரி. டிரம்கள் புது நிறம். செக்யூரிட்டி ஆசீர்வாதம் இறக்க விடவில்லை, டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். சண்முகவேல் சார் வரவும், ஆசீர்வாதத்தைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் என்னைக் காட்டி டிரைவரிடம் சொன்னார்: "கொஞ்சம் பொறுப்பா. ரமாபாய் மீன விட்டுப் பாத்துட்டு சொல்லட்டும்."

மருந்து பிடிக்கப் பாட்டிலை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினேன்.