மூன்று சிலிண்டர் வண்டி

முதலியார்பேட்டை,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் சிலம்பரசனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஜெர்மனிக் குளிரில் நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் இங்கே நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை. உன் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். உன் தங்கை செல்விக்குக் காறை எலும்புக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, ஒரு கையால்தான் சாப்பிடுகிறாள், தலை நான்தான் வாரிவிடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் பேசி என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், உனக்குப் பாதிதான் தெரியும். தை மாசக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டபோது, இன்ஜின் கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளை இருக்கிறானே என்று உன்னையே பார்த்துச் சொல்லச் சொன்னோம். நீ சொன்ன வண்டியை அப்பா மறுபேச்சில்லாமல் வாங்கி மண்டபத்து வாசலில் நிறுத்தினார். சம்பந்தி ஜானகிராமன் பேனட்டைத் திறந்து பார்த்தார், அன்றைக்கே பிடித்தது சனி. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் டப்பா கம்பெனி வைத்திருப்பதால் இன்ஜினும் தனக்கு அத்துப்படி என்கிற நினைப்பு அவருக்கு. "மூணே சிலிண்டரு, ஒரு லிட்டரு. என் கம்பெனி ஜெனரேட்டரே இதவிடப் பெருசு சம்மந்தி, நல்லா ஏமாத்திட்டீங்க" என்று பந்தியில் இருந்தவர்கள் காதுபட அப்பாவிடம் சொன்னார். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் நம் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் செல்விக்குப் பெயரே அரை இன்ஜின். காபி ஆறினாலும் அரை இன்ஜின், மாவு புளித்தாலும் அரை இன்ஜின். ஆடிக்கு அவளை நம் வாசலில் விட்டுப்போன மாப்பிள்ளை வினோத்குமார், வேறு பெரிய வண்டி வாங்கி வைத்தால் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். ஆவணி பிறந்தும் வரவில்லை.

அப்போதுதான் நீ எல்லோரையும் நம் வீட்டுக்கு வரவழைத்து வீடியோவில் பேசினாய். போனைச் சுவரில் சாய்த்து வைத்தோம். இந்த இன்ஜினில் புகையாக வீணாய் வெளியே போகிற காற்றே ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றும், அந்தச் சுற்று இன்னொரு சக்கரத்தைத் திருப்பி வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், அந்தக் காலத்துப் பெரிய வண்டியைவிட இது இரண்டு மடங்கு இழுக்கும் என்று படம் போட்டுக் காட்டினாய். ஊதாங்குழலால் ஊதினால் அடுப்பு திகுதிகுவென்று எரிகிற மாதிரி என்று எனக்குக்கூட விளங்கியது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தார். "மச்சான், மெதுவாப் போவுதேன்னு பாத்தேன், அப்புறம் முதுவுல கைய வெச்சித் தள்ளுது!" என்று உன்னிடம் சிரித்தார். சம்பந்தியும், சரி, ஏமாத்தல, ஒத்துக்கறேன் என்றார். பிரச்சினை முடிஞ்சுதும்மா என்றாய் நீ. செல்வி சமையல்கட்டு வாசலிலிருந்து வந்து போனைக் கையில் வாங்கினாள். உனக்கு மீட்டிங் இருந்தது, அப்புறம் பேசறேன்டா என்று வைத்துவிட்டாய். அன்றைக்குச் சாயங்காலமே அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அரை இன்ஜின் என்று கூப்பிடுவது நின்றது. ஆனால் மாப்பிள்ளைக்கு வேகம் ருசித்துவிட்டது. ஞாயிறு ஆனால் ஈ.சி.ஆரில் யாரையாவது முந்த வேண்டும், பக்கத்தில் இவளை உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். இவள் பயந்தால் அவருக்குச் சிரிப்பு. ஐப்பசியில் அன்றைக்கு இவள் முழுகாமல் இருந்தாள், வாந்தி வருகிறது, கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். "ஒங்கண்ணன் சொன்ன பவர நீ பாக்க வேணாமா?" என்று சொல்லி இன்னும் அழுத்தியிருக்கிறார். காலாப்பட்டு தாண்டி டிவைடரில் ஏறிக் கவிழ்ந்தது. அவருக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்டர். இவளுக்கு எலும்பும் போனது, வயிற்றில் இருந்ததும் போனது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுகொண்டே உனக்குப் போன் பண்ணினேன். நீ முதலில் கேட்டது, எவ்ளோ ஸ்பீடும்மா, ஏர்பேக் தொறந்துச்சா என்றுதான். அதே வராந்தாவில் சம்பந்தி என்ன சொன்னார் தெரியுமா, "இத்தூண்டு வண்டிக்கு இவ்ளோ பவர் எதுக்கு? ஒங்க புள்ள பாத்துக் குடுத்த வண்டிதான என் புள்ளயக் கொல்லப் பாத்துச்சு?" பவர் இல்லை என்று ஆறு மாசம் என் பெண்ணைக் குத்திய அதே வாய். இப்போது நல்ல கனமான வண்டியாக வாங்கித் தந்தால் கூட்டிப்போகிறார்களாம்.

உன் அப்பாவுக்கு மனசு ஆடுகிறது. சிலம்பரசனை இன்னொரு தடவை பேசச் சொல்லலாமா என்கிறார். வேண்டாம். நீ பேச வேண்டாம், வண்டியும் பார்க்க வேண்டாம். ஆவணியில் போனை வாங்கினாளே, என்ன சொல்ல வந்தாய் என்று ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். "நா போவலண்ணான்னு சொல்ல வந்தேம்மா. நீங்க யாரும் கேக்கல" என்றாள். நேற்று அவளே மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தை மாசத்திலிருந்து நடந்ததைச் சொல்லிப் புகார் கொடுத்தாள். அப்பா வரவில்லை, நான் கூடப் போனேன். வலது கை கட்டில் இருக்கிறது, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். வார்த்தை மட்டும் தடுமாறவில்லை.

பெற்ற வயிறு, வாழ்த்தாமல் இருக்க முடியாது. நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இரு. பிரதோஷத்துக்கு உன் பேருக்கும் அர்ச்சனை பண்ணுகிறேன். லீவு கிடைத்தால் பொங்கலுக்கு வா, கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு வா. அண்ணன்மேல் கோபமில்லை என்று எழுதச் சொன்னாள் செல்வி. எழுதிவிட்டேன். எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலட்சுமி