ஊர் போடாத அஞ்சலி

அண்ணே,

எத்தனை தரம் சோப்புப் போட்டும் கையில் மைதாப் பசை வாசனை போகவில்லை. உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பூதலூர் ரயில் ஸ்டேஷன் சுவரில் நானேதான் ஒட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

அச்சுக்கடைக்காரர் பெயரை எழுதிக்கொண்டு, "ஊர் சொல்லுங்க" என்றார். நம் பக்கம் ஊர் போடாமல் யாருக்கும் போஸ்டர் அடிப்பதில்லையே. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இலங்கை என்று போடலாமென நினைத்தேன். கனடாவிலிருந்து உங்கள் தம்பி, "அண்ணையின்ர படத்துக்குப் பின்னால எங்கட நாட்டு வரைபடம் வரவேணும்" என்றார். உங்கள் அகதி முகாமுக்கு வரும் போலீஸ்காரர், "வரைபடமெல்லாம் வேணாங்க, வம்பாயிடும்" என்றார். ஒரு கட்சிக்காரர் தன் தலைவர் படத்தையும் சேர்க்கச் சொன்னார். உங்களைச் சொந்தம் கொண்டாட இத்தனை பேர் இருப்பது நீங்கள் இருந்தவரை தெரியவேயில்லை.

அறுவடை மெஷினை நீங்கள் ஓட்டுவீர்கள், நான் முன்னால் நடந்து சேற்றுக்குழி காட்டுவேன். இடைவேளையில் டீக்கடையில் நம் ஆட்கள் உங்கள் தீவை இரண்டாகப் பிரிப்பார்கள், மறுபடி ஒட்டுவார்கள். கச்சத்தீவையும் விடமாட்டார்கள். நானும் சளைத்தவனில்லை. நீங்கள் பாட்டுக்கு வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் உங்களை நான் விடவில்லை.

"தனி நாடா, ஒரே நாடா, நீங்களே சொல்லுங்கண்ணே. உங்க மண்ணுதானே?"

"எங்கட மண் ஆருக்கெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள், தம்பி. எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்க வேண்டிய ஆக்கள் வந்து கேக்கட்டும், அப்ப சொல்லுறன்."

"இப்ப நான் கேக்குறேனே?"

"நீ கேட்டா தேத்தண்ணிதான் வாங்கித் தரலாம்" என்று சிரித்தீர்கள். வாங்கியும் தந்தீர்கள். பதிலை மட்டும் வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். உங்கள் மகள் சொன்னாள்.

அவள்தான் கடைக்கு வந்து முடித்துவைத்தாள். "எந்த ஊரும் வேணாம். அப்பா சொல்லாதத நாம எழுத வேணாம், சித்தப்பா" என்றாள் என்னிடம். கடைக்காரர், "ஊர் இல்லாம யாருன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார். "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றாள். உங்கள் முகமும் பெயரும் மட்டும் அச்சாயின.

ஒட்டும்போது பசை வாளியை அவள் பிடித்திருந்தாள். திடீரென்று கேட்டாள்: "நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பொறந்தேன், இங்கதான் படிச்சேன். இன்னும் ஓட்டு இல்ல, அகதி அட்டைதான். எனக்கு ஒண்ணுன்னா என்ன ஊர் போடுவீங்க?"

வாய்வரை ஓர் ஊர்ப் பெயர் வந்தது. அடக்கிக்கொண்டேன். "நீயே சொல்லும்மா, என்ன போடணும்?"

நெடுநேரம் யோசிப்பாள் என்று நினைத்தேன். "பூதலூர்தான், வேற எது?" என்றாள் சட்டென்று. யாராவது கேட்கமாட்டார்களா என்று பிறந்ததிலிருந்து காத்திருந்தவள் மாதிரி. அவளையே பார்த்துக்கொண்டு ஒட்டியதில் போஸ்டர் ஒரு பக்கம் கோணிவிட்டது.

அவள் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது, அண்ணே. அதை எடுத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பதென்றுதான் தெரியவில்லை.