சிட்னிக் கிழவியின் சேலைப் புகார்

பாவா,

உன் இயர்போன் என் கையில் இருக்கிறது. வலப்பக்கம் செத்துப்போய் இடப்பக்கம் மட்டும் கேட்கும் அதே கறுப்பு இயர்போன். பிய்ந்த இடத்தில் நீ சுற்றிய சிவப்புத் தறிநூல் இன்னும் பிரியவில்லை. நேற்று உன் அம்மா, என் அத்தை, கொண்டுவந்து கொடுத்து, மகனின் குரல் என் ஃபோனில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆர்.கே.பேட்டையில் பகலெல்லாம் விசைத்தறி ஓட்டிக்கொண்டே, சென்னையில் வெளிநாட்டுக்காரர்களோடு ஃபோனில் பேசும் வேலைக்கு முயன்றாய். டிகிரி இருந்தது, புத்தக ஆங்கிலமும் இருந்தது. ஆஸ்திரேலியாக்காரர் வாயைத் திறந்தால் மட்டும் கரண்ட் போன தறி மாதிரி நின்றுவிடுவாய். இரண்டு நேர்காணல் அப்படியே போயிற்று. மூன்றாவதற்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்தாய். எல்லா வாத்தியார் குரலிலும் பேசி வகுப்புக்கு வெளியே நிற்பவன் நான். என் தகுதி அவ்வளவுதான்.

"ஒரே வார்த்தய ஊருக்கொரு மாதிரி சொன்னா நான் இன்னாடா பண்றது?" என்றாய்.

நம் மலைக்கோயிலின் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நினைவூட்டினேன். மதுரைக்காரர் 'எங்கிட்டு' என்று வழி கேட்பார், சித்தூர்க்காரர் தமிழை இழுத்துக்கொண்டே படியேறுவார். யாரிடமாவது அகராதி கேட்டாயா? மெய்யெழுத்து வீட்டோடு கிடக்கும், உயிரெழுத்துதான் ஊர்சுற்றி. 'டுடே' சிட்னி போனால் 'டுடை' ஆகிவிடும், விட்டுப் பிடி என்றேன். நீ உண்மையாகவே நோட்டில் எழுதிக்கொண்டாய்.

பாடம் போதாதென்று நண்பர்களின் ஃபோனிலிருந்து உன்னை அழைத்தேன். ஒருநாள் சிட்னிக் கிழவியாகி, வாங்கிய சேலை சாயம் போகிறதென்று சண்டை பிடித்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாய். குட்டு உடைந்ததும், என்றாவது ஒருநாள் நீயும் என்னை ஏமாற்றுவதாகச் சபதம் போட்டாய்.

வேலை கிடைத்த அன்று மலைப்படியில் உட்கார்ந்து பஞ்சாமிர்தத்தை நக்கிக்கொண்டே சொன்னாய்: "எவன் பேசினாலும் நீதான்னு நெனச்சிக்கினேன்டா. பயமே வரல."

முதல் வாரம்கூட முடியவில்லை. மழைக் காலையில் ரயிலைப் பிடிக்க பைக்கில் கிளம்பினாய். அரை மணியில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு. தெலுங்கு கலந்த தமிழில் ஒருவர், இந்த பைக்கில் வந்தவர் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சபதத்தை நிறைவேற்றுகிறாய் என்றே நினைத்தேன். கிழவிக் குரலில் ஹலோ சொல்லி, இன்னும் கொஞ்சம் இழுக்கணும் பாவா, நூற்றுக்கு எழுபது என்று சிரித்தேன்.

மழைச் சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"தம்பி, சிரிக்காதிங்க. சீக்கிரம் வாங்க."

ரோட்டில் அடிபட்டுக் கிடந்தபடி என் எண்ணை அவரிடம் சொன்னதே நீதான் என்று பிறகு தெரிந்தது. நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டதா, பாவா?

ஃபோனில் தேடினேன். நண்பர்களிடம் காட்டிச் சிரிக்கப் பதிவு செய்த சேலைச் சண்டை இருந்தது. கேட்கிற இடப்பக்கத்தை அத்தையின் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாடா சொல்றான்?"

"சாரி சொல்றான், அத்த."

"இன்னா தப்பு பண்ணான்?"

"ஒன்னும் பண்ணல அத்த. எதிர்ல பேசறவன்தான் பண்ணான்."

அவள் மறுபடியும் போடச் சொன்னாள். நீ மறுபடியும் மன்னிப்புக் கேட்டாய். நானும் ஒருமுறை உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பாவா, எந்த ஊர்க் குரலும் இல்லாமல், என் குரலில். எந்த எண்ணுக்கு அழைப்பது?