கருமாதிக்கு வராத பங்காளி

நேற்று மதியம் பிரியாணி வரவழைத்தேன். பொட்டலம் வருவதற்கு முன்னால் கைபேசியில் செய்தி வந்தது: "உங்கள் டெலிவரி பங்காளி வந்துகொண்டிருக்கிறார்." சிரித்துவிட்டேன். பிறகு பிரியாணி வந்து, பிரிக்காமலே ஆறிப்போனது.

'பார்ட்னர்' என்பதை அகராதி மட்டும் வைத்திருந்த யாரோ தமிழாக்கியிருக்கிறார். அந்தச் சொல்லை முழுமனதாக நம்பியவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் பங்காளி என்றால் ஒரே பாட்டன் வழி வந்தவன். அவனோடு வரப்புத் தகராறு செய்யலாம், கோர்ட்டுக்குப் போகலாம். சம்பந்தம் மட்டும் செய்யக்கூடாது. சாவு விழுந்தால் அவனுக்கும் தீட்டு. இதெல்லாம் உன்னை வண்டியில் வீடு வீடாகச் சோறு கொண்டுபோகச் சொன்ன நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும் என்று நீ எடுத்துக்கொண்டாய்.

உன் அப்பா இறந்தபோது, கருமாதிப் பத்திரிகையை அந்த நிறுவனத்தின் பெங்களூர் ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாய்.

"நேர்ல போய்ச் சொல்றதுதான் மொறை மாப்ள. இந்த வண்டில பெங்களூர் வரைக்கும் போக முடியாதில்ல" என்று வேறு வருத்தப்பட்டாய்.

பத்திரிகையைப் படமெடுத்துச் செயலியிலும் அனுப்பினாய். உடனே பதில் வந்தது: "பகிர்ந்தமைக்கு நன்றி, பங்காளி! இந்த நாள் இனிதாகட்டும்!" கருமாதி முடிந்து வண்டியை எடுத்தால், செயலியில் உன் ஐடி முடக்கப்பட்டிருந்தது. காரணம், பல நாள் வேலைக்கு வரவில்லையாம்.

பாலக்காட்டுத் தொழில் அலுவலகத்துக்கு நான்தான் மனு எழுதினேன். ஐடி திரும்ப வேண்டும் என்பது ஒன்று. ஏதாவது ஓர் அரசாங்க ஏட்டில் உன்னைத் தொழிலாளி என்று எழுத வேண்டும் என்பது அதைவிட முக்கியமானது. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால், காரணமில்லாமல் கழற்றிவிட்டார்கள் என்று வாதாடக்கூட உனக்கு இடமில்லை.

அதிகாரி ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு மலையாளத்தில் சொன்னார்: "நிங்ஙள் தொழிலாளியல்லல்லோ. பார்ட்னரல்லே?"

நீ எழுந்து நின்றாய். "அப்படியே ஆகட்டுங்க சார். பங்காளின்னா எங்கப்பன் செத்ததுக்கு அவிகளுக்கும் தீட்டுத்தானுங்க. தீட்டோட ஊரெல்லாம் சோறு வித்திருக்காங்க. அதுக்கு என்ன செக்சன்ல கேசு போடறதுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை வருட சர்வீசில் அப்படியொரு சட்டப் பிரச்சினையை அவர் பார்த்திருக்க மாட்டார். விசாரணைக்கு ஒரு தேதி கொடுத்து நம்மை அனுப்பிவிட்டார்.

திரும்பும் பேருந்தில் நீ ஓயவில்லை. "வேலந்தாவளம் செக்போஸ்ட்டத் தாண்டுனா, அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நலவாரியத்துல தொழிலாளின்னு பேர் எழுதறாங்க. லண்டன்ல இதே மாதிரி ஆப்புல கார் ஓட்டறவன கோர்ட்டே தொழிலாளின்னுருச்சாமா. இந்தப் பக்கம் நான் பங்காளி. செரி, செக்போஸ்ட்டுக்கு நடுவால நின்னா நான் யாரு மாப்ள?"

"லாரிக்கு இடைஞ்சல்" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்குமளவு சிரித்தாய்.

விசாரணை மூன்று முறை தள்ளிப்போனது. நீ தோப்புகளில் தேங்காய் பொறுக்கப் போனாய். நான்காம் தேதிக்கு முந்தைய வாரம் உனக்கு மாரடைப்பு. மனுதாரர் ஆஜராகவில்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நீ ஆஜராகவில்லைதான்.

உன் மரணத்தைப் பதிய பஞ்சாயத்து அலுவலகத்துக்கு உன் மனைவியோடு போனேன். எழுத்தர் படிவத்தை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பெயர், வயது, தகப்பன் பெயர். அடுத்து, "தொழில்?"

உன் மனைவி என்னைப் பார்த்தாள்.

"தொழிலாளி" என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. ஒப்பந்தம் கேட்கவில்லை, தேதி கொடுக்கவில்லை. எழுதி, கீழே முத்திரை குத்தினார்.

படிவத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது ஐடி முடக்கப்பட்ட நான்கு பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். நால்வரும் உயிரோடு இருப்பதுதான் வழக்கின் பலவீனம். முன்னுதாரணமாக உன் படிவத்தைப் பின்னால் இணைத்திருக்கிறேன். புதன்கிழமை விசாரணை, நானும் போகிறேன்.