உனக்குச் சொல்லாமல் விட்டது

என்னை "மிஸ்ஸு" என்று இழுத்து இழுத்துக் கேலி பண்ணியவளே,

இன்று காலை மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். கிளினிக் கொப்பியை நீட்டிய கையில் பச்சைத் தேயிலைக் கொழுந்தின் வாடை. எத்தனை சவர்க்காரம் தேய்த்தாலும் போக மாட்டேங்குது என்று நீ சலித்துக்கொள்வாயே, அதே வாடை. விரல் நுனியில் அதே கறுப்புக் கறை. அவருடைய பெயரைக் கேட்டுவிட்டு உன் பெயரை எழுதிவிட்டேன். வெட்டி எழுதியதைப் பார்த்து, "என்னங்க மிஸ், ஏதும் பெரிய நோவா?" என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்கு நேரமில்லாதது காரணமல்ல, வெட்கம்தான் காரணம்.

தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே பிள்ளை மடுவத்தில் அடுத்தடுத்த தொட்டிலில் கிடந்தவர்கள் நாம். எட்டாம் வகுப்போடு உன்னைக் கொழுந்து எடுக்க அனுப்பிவிட்டார்கள். நான் படித்து, நர்ஸாகி, பதுளையில் அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெமோதரையில் இறங்கி உன் வீட்டுக்கு நடந்து வருவேன். நீ ஒரு நாளும் என்மேல் பொறாமைப்பட்டதில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

நாற்பத்தாறு வயதில் எனக்குப் பட்டப்படிப்பு ஆசை வந்தது உனக்கு நினைவிருக்கும். "பேரப்புள்ள எடுக்கற வயசுல பள்ளிக்கூடமா?" என்று சிரித்தாய். அதில் மருத்துவ அறநெறி என்று ஒரு பாடம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டால், நோயாளியிடம் அவருடைய நோயை மறைக்கலாமா? ஒரு பக்கம் நின்று வாதாடிக் கட்டுரை எழுத வேண்டும். மூன்று மாதம் அதே வேலையாக அலைந்தேன். கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வார்டில் கூட நிற்கும் சொந்தக்காரர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டேன். நம் ஊரில் நோய் ஒரு ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கே வருகிறது, ஆகவே அதைத் தாங்குவதும் வீட்டின் வேலை என்று பலர் சொன்னார்கள். பயத்திலேயே ஆள் போய்விடும் என்றார்கள். அவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதி, பிறகு ஒவ்வொன்றாக உடைத்தேன். உடம்பு யாருடையதோ, அதைப் பற்றிய செய்தியும் அவருடையதுதான் என்று முடித்தேன். எழுதும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிறு, நீ போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். உனக்கே பெரிய வியாதி ஒன்று வந்தால் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

"வாயக் கழுவுடி" என்றாய் முதலில். பிறகு கத்தியைக் கீழே வைத்தாய். "எனக்குச் சொல்லணும். காலையில பெரட்டுல ஆள் பிரிக்கறப்ப கூட பேரக் கூப்புட்டு, இன்னைக்கு உனக்கு இந்த மலைன்னு சொல்லித்தானே அனுப்புறாங்க? எந்த மலைக்குப் போறோம்னு தெரியாம எவளாச்சும் கூடையத் தூக்குவாளா?"

"பொறு, பொறு, திருப்பிச் சொல்லு" என்று நான் பேனாவைத் தேடினேன். நீ கெக்கெக்கென்று சிரித்தாய். ஒரு தோட்டத் தொழிலாளியின் கருத்து என்று போட்டு, நீ சொன்னதை அப்படியே கட்டுரையில் சேர்த்தேன். விரிவுரையாளர் அதற்குக் கீழே கோடு போட்டு, மிக வலுவான இடம் என்று எழுதியிருந்தார். உன்னிடம் காட்டியதும் அடுத்த லயம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய்.

அடுத்த வருடம் நீ வயிற்று வலி என்று நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே வந்தாய். சோதனை எல்லாம் முடிந்து, முடிவு வந்த அன்று டொக்டர் என்னை அழைத்தார். உனக்குக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்குச் சிங்களம் தெரியும், ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. டொக்டருக்குத் தமிழ் வராது. நடுவில் நான். அறைக்குள் போகுமுன், பெரிய வியாதிதான் என்று ஊகித்துவிட்ட உன் வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, அவகிட்ட மட்டும் வேணாங்க. ஒடைஞ்சி போயிருவா."

பழியைத் தூக்கி அண்ணன் தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்திருக்கலாம். உன்னிடம் அந்தப் பொய்யும் வேண்டாம். அவர் கேட்காமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நீ மடியில் பையை வைத்துக்கொண்டு, டொக்டருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டொக்டர் நல்ல மனுசர். நான் சொல்வதற்கு இடம் விட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் நான் மென்று விழுங்கினேன். கடைசியில், "வயித்துல ஒரு கட்டியாம். மருந்து எடுத்தா வலி கொறையுமாம்" என்றேன். விளங்கிற்றா என்று அவர் கேட்டார். உனக்கும் சேர்த்து நானே தலையாட்டினேன்.

"ஏன்டி, டொக்டர் அவ்ளோ நேரம் பேசினாரே, நீ ஒரே வாயில முடிச்சிட்ட?" என்று வெளியே வந்து கேட்டாய்.

"டொக்டர்மார் அப்பிடித்தான் நீட்டுவாங்க" என்றேன். நீ சிரித்தாய். உன்னோடு சேர்ந்து நானும் சிரித்தேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இல்லை, அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். இரண்டு கிழமை கழித்து, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் உன் மகள் போனில் வந்தாள். ஒப்பந்தம் முடிகிறது, வரவா, இன்னும் இரண்டு வருடம் இருக்கவா என்று கேட்டாள். "லயத்த விட்டு வெளிய ஒரு வீடு கட்டணும்னு நீதானே சொன்ன? இருந்துட்டு வா. எனக்கு வெறும் கட்டிதான், வேணும்னா மிஸ்ஸு கிட்டயே கேளு" என்று போனை என் கையில் கொடுத்தாய். "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல மகள்" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உன் வலி கூடக் கூட, மருந்து வேலை செய்யப் பிந்துகிறது என்றே நம்பினாய். நான்காம் மாதம் போய்ச் சேர்ந்தாய்.

இப்போது நான் யாருக்கு மொழிபெயர்த்தாலும் ஒரு வரியையும் விடுவதில்லை. டொக்டர் ஒரு வரி, நான் ஒரு வரி. சொந்தக்காரர் யாராவது ஓரமாகக் கூப்பிட்டால் நோயாளியிடமே போய், எல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டுவிடுகிறேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டியவர்களும் உண்டு. புதிய நர்ஸ்மாருக்கு அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். காரணம் சொல்லவில்லை.

உன் மகள் கருமாதி முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தாள். நேரே பதுளைக்கு என் அறைக்கு வந்தாள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"சித்தி, அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"அப்பா சொல்ல வேணாம்னாரா?"

"சொன்னாரு. ஆனா சொல்லாம விட்டது நான்தான் மகள்."

கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு டொக்டர் என்னா சொன்னாரு? எனக்குச் சொல்லுங்க. ஒண்ணும் விடாம சொல்லுங்க."

சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். ஈரல் வரைக்கும் பரவிவிட்டதைச் சொன்னேன். வெட்டி எடுக்க முடியாது, வலியைத்தான் குறைக்கலாம் என்பதைச் சொன்னேன். நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து என்பதைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் உன்னைப் போலவே தலையாட்டினாள்.

"அவ்ளோதானா சித்தி?"

இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. சொன்னேன்.

"புள்ளைங்க யாராச்சும் வெளிநாட்டுல இருந்தா இப்பவே வரச் சொல்லுங்க, இப்ப வந்தா அம்மாவோட நல்லா பேசிக்கிட்டு இருக்கலாம்னு சொன்னாரு."

அவள் எழுந்து கதவு வரைக்கும் போனாள். "நான் அன்னைக்கு போன்ல உங்ககிட்டதானே கேட்டேன்" என்றாள். அதன் பிறகு அவள் என் அறைக்கு வரவே இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உனக்குச் சொல்லியிருந்தால் அவளை வா என்றிருப்பாய். அவளும் வந்திருப்பாள். நாலு மாதம் இரண்டு பேரும் பேசித் தீர்த்திருப்பீர்கள். அந்த நாலு மாதத்தை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.